பெம்மானே பாட்டுக்கு டார்ச் அடித்த இரவு

ஆயிரத்தில் ஒருவன் படத்தைத் தியேட்டரில் மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை 2010 பொங்கலுக்குத் தஞ்சாவூரில், கல்லூரி நண்பர்களோடு. இடைவேளைக்கு அப்புறம் சோழர்கள் வந்து பழைய தமிழில் பேச ஆரம்பித்ததும் பின்வரிசையில் ஒரே சிரிப்பு, "என்னப்பா சொல்றாங்க" என்று ஒரு சத்தம், கடைசிச் சண்டை வருவதற்குள் பாதி நாற்காலி காலி. இரண்டாவது முறை 2021 டிசம்பர் 31, மறுவெளியீடு. சிரித்து விரட்டிய அதே வசனங்களைத் திரையில் வருவதற்கு முன்பே கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை சென்னையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, படத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் லைவ் பேண்ட் உண்டு என்று சொல்லி டிக்கெட் விற்ற சிறப்புக் காட்சி. அந்த மூன்றாவது ராத்திரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாசக்கணக்காகியும் எனக்கு மனசு ஆறவில்லை.

பேண்ட் பெயர், தியேட்டர் பெயர், நடத்தியவர்கள் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. பாடிய பையனுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். அவனை நாலு பேர் தேடிப்போய்த் திட்ட வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை.

டிக்கெட் விலை வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொடுக்கும்போது சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். படத்துக்கு முன்னால் பாட்டு என்பது நமக்கு ரொம்பப் பழைய பழக்கம். எங்கள் அம்மா ஊர் டூரிங் டாக்கீஸில் ஒரு குறிப்பிட்ட சாமிப் பாட்டு ஸ்பீக்கரில் கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தமாம்; வயலில் இருப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் கை கால் கழுவிக்கொண்டு ஓடுவார்களாம். அதற்கும் முன்னால், படங்கள் பேசாத காலத்தில் ஆர்மோனியமும் தபேலாவும் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தன. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினாரே, அங்கிருந்து பார்த்தால் இந்த நூற்றுச் சொச்சம் வருடத்தில் படமும் பாட்டும் ஒன்றின் வாசலில் ஒன்று நின்றுகொண்டேதான் இருந்திருக்கின்றன. அதனால் லைவ் பேண்ட் என்றதும் எனக்கு எந்த ஒவ்வாமையும் இல்லை, ஆசையாகத்தான் போனேன்.

இன்னொரு காரணமும் உண்டு. என் மாமா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினெட்டு வருடம் தபேலாவும் காங்கோவும் வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சி மாநாடு என்று எல்லா மேடையும் ஏறியவர். சின்ன வயதில் வேனில் பின்சீட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். மேடைக்குப் பக்கவாட்டில் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்து கச்சேரி கேட்டு வளர்ந்தவன் நான். எக்கோ அதிகமானால் எப்படி இருக்கும், கீபோர்டு ஒரு கட்டை தள்ளி எடுத்தால் பாடகர் முகம் எப்படிப் போகும் என்பதெல்லாம் அங்கே பார்த்துப் பழகியது.

ஆறரைக்கு பேண்ட் என்று போட்டிருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் மைக் சோதனையே தொடங்கியது. நாற்பது நிமிடம் "செக், செக்" கேட்டோம். பரவாயில்லை, அதெல்லாம் எல்லா மேடையிலும் நடப்பது. திரைக்கு முன்னால் இருக்கும் குறுகலான இடத்தில் டிரம்ஸ், இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு லேப்டாப். முன்வரிசைக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பையன்களுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். சினிமா தியேட்டர் என்பது பாட்டுக் கச்சேரிக்காகக் கட்டிய இடமில்லை. வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சுவர் முழுக்க மெத்தை மாதிரி அடித்து எதிரொலியை உறிஞ்சிவிடுவார்கள். படத்தின் குரல் வருவது திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து. திரையில் இருக்கும் பொடிப்பொடி ஓட்டைகள் வழியாகத்தான் அந்தச் சத்தம் நம்மிடம் வருகிறது. அந்த ஏற்பாடு மேடையில் பாடுகிறவனுக்கு எந்த உதவியும் செய்யாது. அவன் குரல் வெளியே போய் அப்படியே செத்துவிடும், திரும்பி அவன் காதுக்கு வராது. காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர் இருந்தால்தான் தான் எந்தச் சுருதியில் பாடுகிறோம் என்றே அவனுக்குத் தெரியும். அன்றைக்கு டிரம்ஸ்காரருக்கு ஒன்று இருந்தது, பாடியவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவன் கத்தக் கத்தச் சுருதி மேலே போனதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். அதை அவன் தலையில் கட்டக் கூடாது.

முதலில் இரண்டு பாட்டு எடுத்தார்கள், இரண்டும் வேறு படங்களிலிருந்து, குத்துப் பாட்டு. கோரஸும் வயலினும் லேப்டாப்பிலிருந்து வந்தன. நடுவில் டிராக் ஒரு இடத்தில் திக்கி நிற்க, டிரம்ஸ் ஒரு பக்கம் கிட்டார் ஒரு பக்கம் போய், எட்டுப் பத்து விநாடி யாருக்கும் எதுவும் தெரியாமல் அப்புறம் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் விசிலடித்து உதவியது. நானும் அடித்தேன். எனக்கு விசிலும் கூச்சலும் பிடிக்கும், தியேட்டரில் கமுக்கமாக உட்கார வேண்டும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால் பாடகர் மைக்கை எடுத்து, "அடுத்து ஒரு எமோஷனல் பாட்டு, எல்லாரும் மொபைல் டார்ச் ஆன் பண்ணுங்க, இந்தத் தியேட்டரை நட்சத்திரமா மாத்துவோம்" என்றார். கீபோர்டில் முதல் சுரம் வந்ததுமே வயிற்றில் ஏதோ செய்தது. பெம்மானே.

படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நிஜ வரலாற்றில் சோழர் ஆட்சி மூன்றாம் ராஜேந்திரனோடு, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் கையில் 1279இல் முடிகிறது. அந்த வீழ்ச்சியில் தப்பி ஓடிய ஒரு கூட்டம் யாருக்கும் தெரியாத நிலத்தில் ஒளிந்து, தஞ்சையிலிருந்து தூதன் வருவான், திரும்பிப் போவோம் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் செல்வராகவனின் கற்பனை. காத்திருந்த அந்தச் சனங்களை நாம் பார்க்கும்போது அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. சோறு இல்லை, வெளிச்சம் இல்லை, தண்ணீர் இல்லை. எலும்பும் தோலுமாக இருட்டுக்குள் கிடக்கிறார்கள். அந்தப் பசியின் அழுகைதான் இந்தப் பாட்டு. வைரமுத்து எழுதி, ஜி.வி. பிரகாஷ் இசையில், பாம்பே ஜெயஸ்ரீயும் பி.பி. ஸ்ரீனிவாஸும் பாடியது. ஜெமினி கணேசனுக்குக் காதல் பாட்டு பாடிய ஸ்ரீனிவாஸின் அந்த வெண்ணெய்க் குரலை, எண்பதை நெருங்கிய வயதில், பட்டினி கிடக்கிற ஒரு கிழவனின் குரலாகக் கேட்கிறோம். அந்த நடுக்கத்தை எந்த இளம் தொண்டையாலும் கொண்டுவர முடியாது, அந்த வயது அதில் இருக்கிறது.

பெம்மான் என்ற சொல்லும் சாதாரணச் சொல் கிடையாது. சம்பந்தரின் முதல் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு முடிகிற இடத்தில் வந்து நிற்கும் சொல் அது. தஞ்சாவூர்க்காரனுக்கு ஓதுவார் வாயில் கேட்டுப் பழகிய சொல். சாமியை அப்படிக் கூப்பிட்ட சனம் இன்றைக்குச் சோற்றுக்கு இல்லாமல் அதே சொல்லைச் சொல்லி அழுகிறது என்று அந்தக் காட்சியில் எனக்கு உறைத்தபோது, அந்தக் காலி நாற்காலி தியேட்டரில், 2010இல், நான் தேம்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு எட்டு மாதம் முன்புதான் முள்ளிவாய்க்கால். படத்தின் கடைசியில் ராணுவம் வந்து அந்தச் சனங்களைச் சூறையாடுவதைப் பார்த்து அதை நினைக்காமல் இருந்தவர்கள் என் நண்பர்கள் வட்டத்தில் யாரும் இல்லை. இந்தப் படத்தை இத்தனை பேர் இத்தனை வருடம் தூக்கிச் சுமந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கார்த்தியின் கலாய்ப்புக்காகவும் ரீமா சென்னின் திமிருக்காகவும் படத்துக்குள் போனவர்கள், சோழ மன்னனாகப் பார்த்திபன் வந்த பிறகு வேறு ஏதோ ஒன்றோடு வெளியே வந்தார்கள்.

அந்தப் பாட்டைத்தான் அன்றைக்கு ராக் பாட்டாக வாசித்தார்கள். ராக் ஆக்கியதுகூடக் குற்றமில்லை, கோபத்தோடு வாசித்திருந்தால் பொருந்தியும் போயிருக்கலாம். ஆனால் முதல் அடி முடிந்ததும் டிரம்ஸில் டமடமவென்று ஒரு உருட்டு, கிட்டார் துள்ளல், "கமான் சென்னை, கைய மேல தூக்கு!" வார்த்தைகள் பாதி அவனுக்குத் தெரியவில்லை. ஃபோனைப் பார்த்துப் பாடினான், பழைய சொற்கள் வரும் இடத்தில் "ஓ ஓ ஓ" போட்டு நிரப்பினான். கூட்டம் டார்ச்சை ஆட்டியது. எனக்கு இடப்பக்கம் இருந்த பெண் டார்ச்சை எடுக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்று தெரியாது, ஆனால் அந்த நேரத்தில் அவர் ஒருவர்தான் எனக்குத் துணை.

என் மாமாவின் குழு ஒரு ஊருக்குப் போனால் சாயங்காலம் நாலு மணிக்கே போய்விடும். சாமான் இறக்கினதும் டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். என்ன திருவிழா, யார் கமிட்டி, போன வருடம் எந்தக் குழு வந்தது, ஊரில் இந்த வாரம் ஏதாவது சாவு விழுந்ததா. ஒரு தடவை பாபநாசம் பக்கம் ஒரு ஊரில் மூன்று நாள் முன்னால் ஒரு சின்னப் பையன் ஆற்றோடு போய்விட்டான் என்று தெரிந்து, மொத்த லிஸ்டையும் கிழித்துப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கச் சாமிப் பாட்டும் மெலடியும் மட்டுமே வாசித்தார்கள். கமிட்டிக்காரர்கள் சொல்லக்கூட இல்லை. இவர்களாகவே செய்தார்கள். பணம் அதே பணம்தான். அன்றைக்குப் பாடியவர்கள் யாரும் பெரிய பாடகர்கள் கிடையாது, பகலில் ஒருவர் தையல்கடை, ஒருவர் மின்வாரியம். அவர்கள் யார் முன்னால் நிற்கிறோம் என்று தெரிந்து நின்றார்கள்.

இந்தப் பையன்கள் எந்தப் படத்துக்கு முன்னால் நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றார்கள். படத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், அந்தப் பாட்டுக்கு டார்ச் கேட்க மனசு வந்திருக்காது. என் வருத்தமெல்லாம் இது ஒன்றுதான். சுருதி விலகினால் மன்னிக்கலாம், டிராக் திக்கினால் மன்னிக்கலாம். படம் பார்க்காமல் வந்து அந்தப் படத்தின் வாசலில் நின்று பாடியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர்களைக் கூப்பிட்டவர்கள் மேலும் அதே வருத்தம் எனக்கு உண்டு. ஐந்து பேருக்கு ஒரு நாள் சாயங்காலம் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கலாம், மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

அப்புறம் இன்னும் மூன்று பாட்டு வாசித்தார்கள். ஒன்று சுமார், ஆண்ட்ரியா பாடின அந்த மாலை நேரப் பாட்டைக் கீபோர்டு வாசித்த பெண் தனியாகப் பாடினார், கிட்டார் மட்டும் பின்னால். அது நன்றாகவே இருந்தது. சத்தம் குறைவாக இருந்ததால் அவர் குரல் அவருக்கே கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கூட்டம் அந்தப் பாட்டுக்குத்தான் பேசிக்கொண்டும் பாப்கார்ன் வாங்கப் போய்க்கொண்டும் இருந்தது. அவருக்காகக் கொஞ்சம் அதிகமாகவே கை தட்டினேன்.

படம் தொடங்கும்போது மணி எட்டு நாற்பது. காதுக்குள் இரைச்சல். ஆரம்பத்தில் அந்தக் காலத்துச் சோழர் கதை வரும் இடத்தில் வசனமே எனக்குச் சரியாக ஏறவில்லை. கடலும் பாம்பும் புதைமணலும் தாண்டும்போதுதான் காது திரும்பியது. இடைவேளைக்குள் நான் பேண்டை மறந்துவிட்டேன், உண்மையாகவே. இந்தப் படத்துக்கு அந்தப் பலம் இருக்கிறது, எப்படிப்பட்ட மனநிலையில் போனாலும் இழுத்துக்கொள்ளும்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. இருட்டுக் குகை, அங்கங்கே தீயின் வெளிச்சம், ஒட்டிய வயிறுகள். ராம்ஜியின் கேமரா அந்த இருட்டை அப்படிப் பத்திரமாக வைத்திருக்கும், முகம் பாதிதான் தெரியும், மீதியை நாம் தேட வேண்டும். பாட்டு தொடங்கியது.

முன்வரிசைகளில் ஒரு டார்ச் எரிந்தது. அப்புறம் பத்து. அப்புறம் ஐம்பது அறுபது. சாயங்காலம் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் மறக்கவில்லை. கை தூக்கி ஆட்டினார்கள், வெளிச்சம் திரையில் பட்டு, அந்தக் கறுப்பு முழுக்க வெளுத்துப் போய், சாம்பல் நிறத்தில் ஒரு துணி மட்டும் தெரிந்தது. குழந்தைக்குக் கொடுக்கப் பால் இல்லாத தாய் அந்தச் சாம்பலுக்குள் எங்கேயோ இருந்தாள். யாரோ "கமான் சென்னை" என்று அந்தப் பாடகர் மாதிரியே கத்தினார்கள். சிரிப்பு.

பால்கனியிலிருந்து ஒரு வயசான குரல், "அணைங்கப்பா... ஐயா, அணைங்கப்பா..." என்றது. திட்டவில்லை, கெஞ்சியது. கொஞ்சம் கொஞ்சமாக அணைத்தார்கள். அணைத்து முடிக்கும்போது பாட்டும் முடிந்துவிட்டது.

2010இல் அந்தக் காட்சிக்குச் சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, பிறகு போய்விட்டது. அவர்களுக்குப் புரியவில்லை, எழுந்து போனார்கள், அது நேர்மையான விஷயம். டார்ச் அடித்தவர்கள் படத்தை நேசித்து இரண்டு மடங்கு காசு கொடுத்து வந்தவர்கள். அவர்களில் பலருக்கு வசனம் மனப்பாடம். அவர்களைத்தான் ஒரு மணி நேரத்தில் இப்படி ஆக்க முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் என்னவோ செய்கிறது. கடைசி முக்கால் மணி நேரத்தில் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பார்த்திபன் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கும்போது ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

படம் முடிய பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, கடைசி மெட்ரோ போய்விட்டது. ஆட்டோவுக்காக வாசலில் நிற்கும்போது பேண்ட் பையன்கள் டிரம்ஸை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேசலாமா என்று யோசித்தேன். பாடின பையன் குரல் கட்டி, தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் கேட்டுக்கொண்டிருந்தான். பேசவில்லை.

மறுநாள் மாமாவுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் படத்தைப் பார்த்ததில்லை. "அந்தப் பாட்டைப் போடு மாப்ள" என்றார். லேப்டாப்பில் போட்டு ஃபோனைப் பக்கத்தில் வைத்தேன். முழுக்கக் கேட்டார். முடிந்து கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது.

"பி.பி.எஸ். தானே?"

"ஆமா மாமா."

"எத்தனாவது பாட்டா எடுத்தாங்க?"

"மூணாவது."

"மூணாவதா..." என்று இழுத்தார். "நாங்களா இருந்தா எடுக்கவே மாட்டோம் மாப்ள. எடுத்தே ஆகணும்னா கடைசியா எடுக்கணும். பாடி முடிச்சதும் மைக்கை அணைச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம சாமானைக் கட்டிடணும்."

அப்புறம் அந்தப் பையன் யாரிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிறான் என்று கேட்டார், தெரியாது என்றேன். வியாழக்கிழமை வல்லத்தில் ஒரு காதுகுத்து இருக்கிறது, லீவு போட்டுவிட்டு வர முடியுமா என்று கேட்டுவிட்டு வைத்தார்.